துணி காய்ந்த நிலங்கள்

புறநானூற்றின் 311ஆம் பாடலை முதுகலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். ஔவையார் பாடியது. களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில், புலைத்தி எனப்படும் சலவைப்பெண் நாள்தோறும் வெளுத்துத் தந்த வெள்ளாடையை உடுத்திய தலைவனைப் பற்றிய பாட்டு. உவர் மண்ணுக்கு அழுக்கை அகற்றும் இயல்பு உண்டென்பதையும், குறுந்தொகை 330ஆம் பாடலில் கஞ்சிப்பசை தோய்த்த ஆடையைக் குளத்தில் இடும் மற்றொரு புலைத்தி வருகிறாள் என்பதையும் சொல்லி முடித்தோம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார்.

"ஐயா, துவைத்த துணியை அவள் எங்கே காயப்போட்டிருப்பாள்?"

வகுப்பு சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. அவருடைய தந்தையார் வண்ணாரப்பேட்டையில் சலவைத் தொழில் செய்தவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். நம்மிடம் அன்று விடை இல்லை. இவ்விரு பாடல்களிலும் கிணறு இருக்கிறது, குளம் இருக்கிறது, பசையும் இருக்கிறது. துணி உலர்ந்த இடம் மட்டும் இல்லை. "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று கூறி வகுப்பை முடித்தோம். அந்த ஒரு வாரத் தேடலே இக்கட்டுரையாக விரிந்தது.

சலவை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நீர்தான். ஆற்றங்கரை, படித்துறை, துவைகல் என்றே அத்தொழிலை எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அத்தொழிலின் முதன்மையான மூலதனம் நீரன்று, நிலம். ஒரே துவைகல்லில் காலை முதல் மாலை வரை நூறு துணிகளை அடிக்கலாம். அந்த நூறையும் ஒரே நேரத்தில் விரிக்க, நிழல் விழாத, கால்நடை மிதிக்காத, பரந்த வெளி வேண்டும். இன்று நம் வீட்டு மாடியில் கட்டும் துணிக்கொடியேகூட, தரையில் இடமில்லாதவர்கள் காற்றில் தேடிக்கொண்ட நிலம் எனலாம். படரும் கொடிக்கும் பறக்கும் கொடிக்கும் துணி உலரும் கொடிக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது.

சென்னையின் வண்ணாரப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். இன்று அப்பெயரைக் கேட்போர், ஊரார் உடுத்திய அழுக்குத் துணியை வெளுத்தவர்களின் குடியிருப்பு என்றே கருதுவர். அப்பெயரின் பின்னணி அதைவிடப் பெரிது. 1639இல் சென்னையில் இடம்பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயிர்மூச்சு துணி வணிகம். தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி வெண்மையாக இராது. பழுப்பேறி, பாவுக்கு இட்ட கஞ்சியோடு விறைத்திருக்கும். அதை வெளுத்த பிறகே சாயமிடவோ, அச்சிடவோ, வெள்ளைத் துணியாகவே கப்பலேற்றவோ இயலும். ஆகவே நெசவாளரைப் போலவே வெளுப்போரும் கம்பெனிக்கு இன்றியமையாதவராயினர். உடுத்தாத புதுத்துணியை ஏற்றுமதிக்கு ஆயத்தமாக்கிய கைவினைஞர்கள் அவர்கள்.

அவர்களுடைய வேலை முறையைச் சற்று நோக்குவோம். துணியை உவர்மண் கரைசலில் ஊறவைப்பர். வெள்ளாவியில் அடுக்கி ஆவியில் வேகவைப்பர். கல்லில் அடித்து அலசுவர். பின்னர் வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளிப்பர். ஈரமும் வெயிலும் காற்றிலுள்ள உயிர்வளியும் சேர்ந்துதான் பருத்தியின் இயற்கை நிறத்தைச் சிதைக்கின்றன. ஆகவே ஒருமுறை உலர்த்தினால் போதாது. இந்தச் சுற்று மீண்டும் மீண்டும் நடைபெற வேண்டும். நீள்துணி என ஏற்றுமதியான வகையில் ஒரு துண்டே முப்பது கெஜத்துக்கு மேல் நீளும். அத்தகைய துண்டுகளை நூற்றுக்கணக்கில் விரிப்பதற்கு எவ்வளவு வெளி தேவைப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் ஹார்லெம் நகரம் லினன் துணி வெளுப்பதில் ஐரோப்பா முழுதும் பெயர்பெற்றிருந்தது. அயல்நாட்டுத் துணிகளும் அங்கே வந்து, சாம்பற்காரத்திலும் மோரிலும் மாறி மாறி ஊறி, புல்வெளியில் மாதக்கணக்கில் கிடந்தன. யாக்கோப் வான் ரூயிஸ்தால் என்ற ஓவியர் அந்த வெளியைத் தீட்டியிருக்கிறார். ஓவியத்தின் பெரும்பகுதி மேகம் திரண்ட வானம். கீழே, மேகம் விலகிய இடத்தில் வெயில் பட்டு, நீண்ட வெள்ளைத் துணிகள் தரையில் வரிவரியாகக் கிடக்கின்றன. அவ்வூரின் செல்வமே அந்த வெயில்தான் என்பதை ஓவியர் நன்கு அறிந்திருக்கிறார். ஹேக் நகரிலுள்ள மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இவ்வோவியம் இருக்கிறது.

திறந்த வெளியில் இரவும் பகலும் கிடக்கும் செல்வத்தைக் காப்பது எளிதன்று. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வெளுக்கும் நிலத்திலிருந்து பத்து ஷில்லிங் அல்லது அதற்கு மேல் பெறுமான துணியைத் திருடினால் மரண தண்டனை என்று சட்டம் இயற்றினர். புல்லில் காய்ந்த துணிக்கு ஓர் உயிர் ஈடு. இச்சட்டம் 1811இல் நீக்கப்பட்டது. நீக்குவதற்கு முன்னின்றவர் சாமுவேல் ரோமிலி என்ற நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்குத் துணைநின்று விண்ணப்பம் அளித்தவர்கள் யாரெனில், துணி வெளுக்கும் முதலாளிகளே! தண்டனையின் கொடுமைக்கு அஞ்சி நடுவர் குழுவினர் திருடர்களைக் குற்றவாளி எனச் சொல்லத் தயங்கினர்; அதனால் திருட்டுக்குத் தண்டனையே இல்லாமற் போயிற்று என்பது அவர்களுடைய முறையீடு.

அச்சட்டம் நீங்கிய காலத்தில், வெளுக்கும் நிலங்களும் தம் மதிப்பை இழக்கத் தொடங்கியிருந்தன. வாரக்கணக்கில் மோரில் ஊறிய துணிக்கு, 1750களிலேயே நீர்த்த கந்தக அமிலம் வந்துவிட்டது. ஊறும் நேரம் மணிக்கணக்காகச் சுருங்கியது. 1785இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே, குளோரின் துணியை வெளுக்கும் என்று காட்டினார். 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் வெளுப்புத்தூளுக்கு உரிமம் பெற்றார். மாதங்கள் நாள்களாயின. வெயிலின் வேலையைத் தூள் செய்தது. நிலத்தின் வேலையைத் தொட்டி செய்தது. அதே காலத்தில் லங்காஷயர் ஆலைத் துணிகளும் பெருகின. 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணி ஏற்றுமதி சரிந்தபோது, அதனோடு பிணைந்திருந்த வெளுப்புத் தொழிலும் சரிந்தது. எஞ்சியது ஊராரின் உடுதுணி. உலக வணிகத்தின் ஒரு கண்ணியாக இருந்த கைத்தொழில், வீட்டு வாசலில் மூட்டையைப் பெற்றுச் செல்லும் பணியாகச் சுருங்கிற்று. அப்பணியோடு சாதியின் இழிவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. கம்பெனியின் கப்பலை நிரப்பிய வெண்மை யாருடைய உழைப்பு என்பதை ஊர் மறந்தது.

அங்காடி சுருங்கினாலும் துணி உலர்த்தும் வெளியின் தேவை நீங்கவில்லை. பேரரசின் படைமுகாம்களும் துறைமுகங்களும் எங்கெங்கு எழுந்தனவோ அங்கெல்லாம் சலவைத் தொழிலாளர் சென்றனர். சிங்கப்பூரின் பிராஸ் பாசா ஓடைக்கரையில், தமிழரும் வட இந்தியருமான தொழிலாளர்கள் துவைத்து, அருகிலிருந்த திறந்த வெளியில் உலர்த்தினர். தோபி காட் என்ற பெயர் அவ்வாறு வந்தது. கேரளத்தின் கொச்சிக் கோட்டையில், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் வண்ணார் சமூகத்தார், வேளிப் பகுதியின் தோபிகானாவில் தொழிலைத் தொடர்ந்து வந்துள்ளனர். அங்கே துவைக்கும் அறைகளைவிடக் கொடிகள் கட்டிய வெளியே பெரிது. கொடியில் கவ்வி கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். காற்று எவ்வளவு வீசினாலும் முறுக்கு விடாது, துருக்கறையும் படியாது. மும்பையின் மகாலட்சுமி சலவைத்துறையிலும் இம்முறையைக் காணலாம்.

இனி எந்திரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், உறையும் குளிரில் தம் தாயார் வெளியே சென்று துணி உலர்த்துவதைக் காணப் பொறாமல் ராஸ் மூர் என்பவர் சூடேற்றிய உருளை ஒன்றை அமைத்தார். அவருடைய வடிவமைப்பைக் கொண்டு ஹாமில்டன் நிறுவனம் 1938இல் உலர்த்தும் எந்திரத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு இட்ட பெயர் 'ஜூன் டே'. அவர்களுடைய நாட்டில் ஜூன் மாதம் இளவேனில் முடிந்து கோடை தொடங்கும் காலம். வெயிலுக்கு மாற்றாக வந்த எந்திரமும் வெயிலின் பெயரைச் சொல்லியே விற்கப்பட்டது!

குளிருக்காகப் பிறந்த எந்திரம், சில பத்தாண்டுகளில் கௌரவத்தின் அடையாளமாயிற்று. கொடியில் தொங்கும் துணி வறுமையின் காட்சி என்றும், வீட்டுமனையின் விலையைக் குறைக்கும் என்றும் கருதிய அமெரிக்கக் குடியிருப்போர் சங்கங்கள் பல, கொடி கட்டுவதையே தடை செய்தன. நல்ல வெயில் அடிக்கும் ஊரிலும் மின்சாரம் செலவிட்டே துணியை உலர்த்த வேண்டிய நிலை வந்தது. அதை எதிர்த்து 'உலர்த்தும் உரிமை' என்ற பெயரில் இயக்கமே எழுந்தது. 2009இல் வெர்மான்ட் மாநிலமும் 2010இல் மேரிலாந்து மாநிலமும் இத்தகைய தடைகள் செல்லா எனச் சட்டம் இயற்றின. துணித் திருடனைத் தூக்கிலிட ஒரு சட்டம் தேவைப்பட்ட உலகில், தன் துணியைத் தன் வாசலில் காயப்போடவும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

இதை அயலார் கதையென்று எண்ணிப் படித்துக்கொண்டிருந்தபோது நமக்கு ஒன்று நினைவுக்கு வந்து உறுத்தியது. நாம் குடியிருக்கும் அடுக்ககத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. தெருவை நோக்கிய மாடங்களில் துணி உலர்த்தலாகாது. மொட்டை மாடியில் கொடி கட்டலாகாது. கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது. அதில் நாமும் கையொப்பமிட்டோம். படித்துப் பார்த்தே இட்டோம். அன்றுமுதல் நம் வீட்டுத் துணி, படுக்கையறையில் மின்விசிறிக்கடியில் மடக்குக் கம்பிகளில் காய்கிறது. மழைக்காலத்தில் காயாமல் முடைநாற்றம் வீசுகிறது. தலைக்குமேல் ஆண்டில் பெரும்பகுதி வெயில் எரிக்கும் மாடி வெறுமையாகக் கிடக்கிறது. சென்ற மாதக் கூட்டத்தில் மாடியின் ஒரு பகுதியையேனும் கொடிக்கு விடுமாறு கேட்டோம். "பேராசிரியரே இப்படிக் கேட்கலாமா?" என்றார் ஒருவர். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

மாணவிக்கு வாக்களித்த விடைக்கு வருவோம். மறுவாரம் வகுப்பில் அதே பாடலையே திரும்ப எடுத்தோம். புலைத்தியின் கிணறு களர் நிலத்தில் இருக்கிறது. களர், பயிர் விளையாத நிலம். உழவரும் அதை நாடார்; மரமும் அங்கே அடர்ந்து வளராது என்பதால் நிழலும் இராது. வெளுக்க உவர்ப்பும் உலர்த்த வெயிலும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுதான். ஆகவே கிணற்றைச் சுற்றிய அந்தக் களரிலேயே அவள் துணியை விரித்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம் என்று கூறினோம். யாருக்கும் வேண்டாத நிலமாக இருந்ததனால்தான் அது அவளுக்குக் கிடைத்தது.

மாணவி சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்போது யாருக்கும் வேண்டாத நிலம் என்று ஒன்று ஏது ஐயா?" என்றார்.

வண்ணாரப்பேட்டையில் 2019இல் மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் தோபி காட்டில் 1987 முதல் ரயில் நிலையம் இயங்கி வருகிறது. வெயிலை நம்பிப் பிழைத்தவர்களின் பெயரைத் தாங்கிய அவ்விரு நிலையங்களும் இருப்பது பூமிக்கு அடியில்.