கேட்டலும் கேள்வியும்: வேற்றுலகுகளுக்குச் செவிசாய்த்த வரலாறு

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல் இரு பொருள் தருவது. செவியால் உணர்வதும் கேட்டல். விடை வேண்டி வினவுவதும் கேட்டல். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகியவற்றுக்குப் பின்னும் அறிவுடைமைக்கு முன்னும் 'கேள்வி' என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அறிவு புகும் வாயில்களுள் செவியும் ஒன்று என்பது அந்த வைப்புமுறையாலேயே விளங்கும். விண்ணாய்வின் வரலாறோ வேறு வகையில் நடந்தது. அங்குக் கண் முன்னே சென்றது; செவி நெடுங்காலம் வாயிலில் காத்து நின்றது.

1609-ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியை வானை நோக்கித் திருப்பினார். அன்று முதல் கோள்களைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பாலானவை ஒளியின் வழியே வந்தவை. விண்கலங்கள் செல்லத் தொடங்கிய பின்னரும் ஒளிப்படக் கருவிக்கே முதலிடம் கிடைத்தது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒளியைத் தொலைவிலிருந்தே பெறலாம். ஒலி பரவுவதற்கோ காற்று, நீர், திண்பொருள் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். ஆதலின் ஓர் உலகின் ஒலியைக் கேட்க விரும்புவோர் அதன் காற்றுக்குள் புக வேண்டும். அன்றேல் அதன் தரையைத் தொட வேண்டும்.

தரையில் வைத்த செவி

முதலில் கேட்கப்பட்டது தரையின் அதிர்வே. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 குழுவினர் நிலவில் ஓர் அதிர்வுமானியை வைத்துத் திரும்பினர். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று அப்பல்லோ 12 வீரர்கள், தாம் நிலவிலிருந்து மேலேறி வந்த கலப்பகுதியை வேண்டுமென்றே நிலவின் மீது மோதச் செய்தனர். அதனால் எழுந்த அதிர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓயவில்லை. புவியில் இத்தகைய மோதலின் அதிர்வு சில நிமிடங்களில் அடங்கிவிடும். நிலவின் மேலோடு நொறுங்கியும் நீரின்றி வறண்டும் கிடப்பதால், அதிர்வு சிதறிச் சிதறி நெடுநேரம் அலைந்தது. அறிஞர்கள் அதனை மணியோசைக்கு ஒப்பிட்டனர். எந்த ஒளிப்படத்திலும் காண இயலாத நிலவின் உள்ளியல்பு இவ்வாறு அதிர்வின் வழியே வெளிப்பட்டது. ஆயினும் செலவைக் குறைக்கும் பொருட்டு 1977 செப்டம்பர் 30 அன்று அக்கருவிகள் நிறுத்தப்பட்டன.

1976-இல் செவ்வாயில் இறங்கிய இரு வைக்கிங் கலங்களும் அதிர்வுமானிகளைச் சுமந்து சென்றன. முதற்கலத்தின் கருவி பூட்டுத் திறவாமலே வீணாயிற்று. இரண்டாவது கலத்தின் கருவி இயங்கியது. ஆனால் அது தரையில் வைக்கப்படாமல் கலத்தின் உடலிலேயே பொருத்தப்பட்டிருந்தது. காற்று வீசும்போதெல்லாம் கலம் அசைந்தது. கருவி அந்த அசைவையே பெரிதும் பதிந்தது. செவ்வாயின் உள்ளத்தைக் கேட்கச் சென்ற செவி, தன்னைத் தாங்கியவனின் நடுக்கத்தையே கேட்டுக்கொண்டிருந்தது எனலாம். செவி மண்ணோடு சேர்ந்திருத்தல் வேண்டும் என்னும் பாடம் அன்று கற்கப்பட்டது.

வெள்ளியின் காற்று

காற்றின் வழி வரும் ஒலியை வேற்றுக்கோளின் தரையில் நின்று கேட்ட பெருமை சோவியத் நாட்டுக்கு உரியது. 1982 மார்ச் 1 அன்று வெனீரா 13 கலமும், மார்ச் 5 அன்று வெனீரா 14 கலமும் வெள்ளிக் கோளில் இறங்கின. அங்கு வெப்பம் 450 பாகை செல்சியசுக்கு மேல். காற்றழுத்தம் புவியில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. 32 நிமிடங்கள் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட வெனீரா 13, 127 நிமிடங்கள் உயிர்த்திருந்தது. லியோனிட் க்சான்ஃபமாலித்தி தலைமையில் உருவான 'குரோசா-2' என்னும் கருவியின் ஒலிவாங்கிகள் மண்ணைத் துளைக்கும் பொறியின் ஓசையையும், பின்னர்க் காற்றின் ஓசையையும் பதிந்தன. அந்த ஓசையைக் கொண்டு காற்றின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் அளவே எனக் கணித்தனர். கண் கண்டது அசையாத பாறைகளை; அவற்றின் மேல் மெல்ல நகர்ந்த கனத்த காற்றை உணர்ந்தது செவி.

ஒரு வேண்டுகோள்

இதன் பின்னரும் ஒலிவாங்கி அறிவியலுக்கு இன்றியமையாத கருவியாகக் கருதப்படவில்லை. விண்கலத்தில் ஒவ்வொரு கிராம் எடைக்கும் போட்டி உண்டு. ஒலியைக் கேட்பது பொதுமக்களின் ஆவலுக்குத் தீனியாகுமேயன்றி ஆய்வுக்குப் பயன்படாது என்னும் ஐயம் நிலவியது. இந்நிலையில் 1996-இல் வானியலறிஞர் கார்ல் சேகன், செவ்வாய்க்கு ஓர் ஒலிவாங்கியை அனுப்புமாறு நாசாவுக்கு மடல் எழுதினார். சில நிமிட ஒலியே கிடைப்பினும் அது மக்களுக்கும் அறிவியலுக்கும் பயன் தரும் என்பது அவர் கருத்து. அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று, தமது 62-ஆம் அகவையில், அவர் மறைந்தார்.

வேண்டுகோள் ஏற்கப்பட்டது. சேகன் இணைந்து நிறுவிய பிளானட்டரி சொசைட்டியின் நிதியுதவியுடன், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 50 கிராமுக்கும் குறைந்த எடையில் ஓர் ஒலிவாங்கி உருவாயிற்று. மார்ஸ் போலார் லேண்டர் அதனைச் சுமந்து சென்றது. 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயின் தென்துருவப் பகுதியில் இறங்குகையில் அக்கலம் அழிந்தது. 2008 மே 25 அன்று இறங்கிய ஃபீனிக்ஸ் கலத்திலும் ஓர் ஒலிவாங்கி இருந்தது. ஆனால் அது இணைந்திருந்த ஒளிப்படக் கருவியை இயக்கினால் இறங்கும் பணிக்கு இடையூறு நேரலாம் என அஞ்சி, அதனை இயக்காமல் விட்டனர். ஒன்று கேட்கும் முன்னே நொறுங்கிற்று. மற்றொன்று செவ்வாயை அடைந்தும் செவி திறக்கவில்லை.

டைட்டனும் செவ்வாயும்

இவ்விரு தோல்விகளுக்கும் இடையே, சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டனில் ஒரு வெற்றி கிட்டியது. 2005 ஜனவரி 14 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹைகன்ஸ் கலம், குடைமிதவையில் தொங்கியவாறு, அதன் மஞ்சள் மூட்டத்தினூடே இரண்டரை மணி நேரம் இறங்கிற்று. இடியோசை கேட்குமோ என அதன் ஒலியுணர் கருவி காத்திருந்தது. கிடைத்தது காற்றின் இரைச்சலே. எனினும் சனியின் குடும்பத்திலிருந்து மனிதர் பெற்ற முதல் காற்றோசை அது.

2018 நவம்பர் 26 அன்று செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம், வைக்கிங் கற்றுத் தந்த பாடத்தை மறக்கவில்லை. தன் எந்திரக்கையால் அதிர்வுமானியைத் தூக்கித் தரையில் வைத்து, காற்றும் வெப்பமும் தாக்காதவாறு அதன் மேல் ஒரு கவிகையையும் மூடியது. நான்காண்டுகளில் 1300-க்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. விண்கற்கள் விழுந்த அதிர்வும் அவற்றுள் அடங்கும். செவ்வாயின் இரும்பு உள்ளகம் உருகிய நிலையில் இருப்பதும் இவற்றால் தெளிவாயிற்று.

2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு சேகனின் வேண்டுகோள் நிறைவேறியது. பிரெஞ்சு அறிஞர்கள் உருவாக்கிய அதன் ஒலிவாங்கி காற்றின் ஓசையைப் பதிந்தது. பாறையின் மீது லேசர் கதிர் பாயும்போது எழும் சொடுக்கொலியையும் பதிந்தது. மட்பானையைத் தட்டிப் பார்த்து அதன் உறுதியை அறிவது போல, அச்சொடுக்கொலியைக் கொண்டு பாறையின் கடினத்தை மதிப்பிட்டனர். 2021 செப்டம்பர் 27 அன்று ஊர்தியின் மேலேயே ஒரு புழுதிச்சுழல் கடந்து சென்றது. மணல் துகள்கள் மோதும் ஓசை பதிவாயிற்று.

அனைத்திலும் வியப்பானது மற்றொன்று. அங்குத் தாழ்ந்த ஒலிகள் நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்திலும், உயர்ந்த ஒலிகள் 250 மீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கண்டனர். மெல்லிய கரியமிலக் காற்றின் இயல்பு அது. செவ்வாயில் ஒரு கச்சேரி நிகழ்ந்து அது தொலைவில் கேட்குமாயின், குழலின் உச்சநாதம் முந்தியும் மிருதங்கத்தின் தொப்பியொலி பிந்தியும் வந்து சேரும். ஒலிவாங்கியால் அறிவியலுக்கு என்ன பயன் என்று ஐயுற்றோர்க்கு இதுவே விடையாக அமைந்தது.

மெய்யொலியும் மாற்றொலியும்

ஈண்டு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் தகும். கோள்களின் இசை எனப் பரப்பப்படுவன பலவும் செவிக்குரிய ஒலிகள் அல்ல. 2014-இல் ரோசெட்டா கலம் வெளியிட்ட வால்மீனின் 'பாடல்', காந்தப்புலத்தின் மிக மெதுவான அலைவை ஏறத்தாழ 10,000 மடங்கு விரைவுபடுத்தி ஒலியாக மாற்றியதாகும். ஆனால் அவ்வாண்டு நவம்பர் 12 அன்று பிலே என்னும் சிறுகலம் அவ்வால்மீனைத் தொட்டபோது, அதன் பாதங்களில் இருந்த உணரிகள் பதிந்த அதிர்வு மெய்யானது. மாற்றொலியும் அறிவுக்கு உதவும். எனினும் அதனைக் கேட்டதாகக் கொள்ளாமல், மொழிபெயர்த்ததாகக் கொள்வதே நேர்மை.

இவ்வரிசையில் இந்தியாவுக்கும் இடமுண்டு. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கியது. அதன் அதிர்வுமானி ஊர்தி நகர்ந்த அதிர்வைப் பதிந்தது. ஆகஸ்டு 26 அன்று இயற்கையானதாகத் தோன்றிய ஓர் அதிர்வையும் பதிந்தது. அப்பல்லோ கருவிகள் ஓய்ந்து 46 ஆண்டுகள் கழித்து நிலவின் மண்ணில் மீண்டும் ஒரு செவி பதிந்தது.

சேகன் மடல் எழுதியதற்கும் செவ்வாயின் ஓசை வந்ததற்கும் இடையே 25 ஆண்டுகள் கழிந்தன. வந்த ஓசையும் ஆரவாரமானதன்று. செவ்வாயின் அமைதி மிகுதியால், ஒலிவாங்கி பழுதுற்றதோ என அறிஞர்களே ஒருகால் ஐயுற்றனர். அது பழுதுறவில்லை, அவ்வுலகம் அவ்வளவு அமைதியானது. அதனை அறியவும் ஒரு செவி அங்குச் செல்ல வேண்டியிருந்தது. அச்செவி செல்ல, முதலில் ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.