குஞ்சம் வைத்த தொப்பி

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் வாக்கு. அந்த ஆடைப் பாதியைக் கழற்றிவிட்டு வா என்று அதிகாரம் கட்டளையிட்டால், எஞ்சி நிற்கும் ஆள் எத்தகையவன்? 1905ஆம் ஆண்டில் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் இக்கேள்வி ஒரு மனிதர் முன் எழுந்தது.

அவர் எம். சி. அப்துல் காதர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அப்புக்காத்து. கோட்டும் சப்பாத்தும் அணிந்து, தலையிலே குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பியுடன் மன்றில் தோன்றினார். வெள்ளையர் மரபில் மரியாதை என்பது தலையைத் திறத்தல். கீழைத்தேய மரபிலோ காலணியை நீக்கித் தலையை மூடியிருத்தல். இவ்விரண்டும் ஒருவரிடம் கலந்திருப்பதைப் பிரதம நீதியரசர் லேயாட் ஏற்கவில்லை. அப்துல் காதரோ தொப்பியை எடுக்க மறுத்து மன்றைவிட்டு வெளியேறினார். வழக்குரைத்துப் பிழைப்பவர் ஒருவர் மன்றை விடுவதென்பது, உழவன் வயலை விடுவதை ஒக்கும்.

அத்தொப்பி அவருடைய பாட்டனார் காலத்துச் சொத்தா என்றால், அதுவும் அன்று. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, 1901 வரை இங்கிருந்த ஒராபி பாஷாவைக் கண்டே நம் நாட்டு முஸ்லிம்கள் அதனைப் பெரிதும் விரும்பி அணியத் தொடங்கினர். துருக்கியிலும் அது பழையதன்று. 1820களிலேதான் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதை அரசாங்க உடையாக்கினார். 1925இல் அதே துருக்கி அதனைச் சட்டத்தால் விலக்கியது! ஆகவே பெருமை துணியின் பழைமையிலே இருந்ததாக நான் கருதவில்லை. ஊதியத்துக்காகக் கழற்றாத தலையிலே அது இருந்தது.

முஸ்லிம் மக்கள் அவரைத் தனியே விடவில்லை. 1905 டிசம்பர் 31ஆம் நாள் மருதானையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பின்னர் தடை நீங்கியது.

எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றிலே நான் சிறுவனாக இருந்தபோது புடைவை வியாபாரி ஒருவர் இருந்தார். இரண்டு சட்டைக்கு மேல் அவரிடம் கண்டதில்லை. ஆயினும் நீலமிட்டு வெளுத்த சாரமும், மடிப்புக் கலையாத சட்டையும், வெள்ளைத் தொப்பியுமாக அவர் தெருவில் வரும்போது உட்கார்ந்திருப்போரும் எழுந்துவிடுவர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவரும் போனார். எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை, நானுந்தான்.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அவருடைய மகன் தம் பிள்ளையைச் சேர்க்க என் பாடசாலைக்கு வந்தார். வெளுத்த சாரம், மடிப்புக் கலையாத சட்டை. தகப்பனாரே வந்தாற்போல் இருந்தது. அலுவலக வாசலிலே ஒரு கணம் தயங்கித் தொப்பியை எடுத்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

“நானா, அது தலையிலேயே இருக்கட்டும்,” என்று எழுந்து நின்றேன்.