வழக்கேடுகளிற் காணும் வரலாறு: நாவுலப் பகுதியை முன்னிட்டு ஓர் ஆய்வு

அரசர் பெயரைக் கல்வெட்டுக் காக்கும். புலவர் பெயரை ஏடு காக்கும். உழுதும் சுமந்தும் வாழ்ந்தவன் பெயரை எது காக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பல இடங்களில் அலைந்து, ஈற்றில் வந்து சேரும் இடம் நீதிமன்றத்தின் ஏட்டறையேயாகும். எழுத்தறியா எளியவன் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் அரசாங்கத்தின் ஏட்டில் இடம்பெற்றானாயின், பெரும்பாலும் அவன் குற்றஞ் சாட்டப்பட்டவனாகவோ, முறைப்பாட்டுக்காரனாகவோ, சாட்சியாகவோ இடம்பெற்றிருப்பான். ஆதலின் கைதுப் பதிவும் வழக்கேடும் சட்டத்தார்க்கு மட்டும் உரியன அல்ல. வரலாற்றாசிரியனுக்கும் அவை மூலாதாரங்களாம். இவ்வுண்மையை மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், நாலந்தைக்கு அப்பால் அமைந்தது நாவுல. நாலந்தையிலுள்ள கெடிகே என்னும் கற்கோயில் பல்லவர் கலைமரபைத் தழுவியது. தென்னாட்டுத் தொடர்புக்கு அது வாய்மொழியின்றிச் சான்று பகர்கின்றது. கல்லிற் பொறித்த சான்று இங்ஙனம் நிலைத்து நிற்க, அதே வழியால் நடந்த மாந்தரின் வரலாறு தாளில் எழுதப்பட்டுத் தொலைதூரப் பேழைகளிற் சிதறிக் கிடக்கின்றது.

அவ்வரலாற்றுள் தலையாயது 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சியிலே துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் புதிய வரிகள் விதிக்கப்பட்டன. தெரு வேலைக்கு உடலுழைப்போ அதற்கீடாகப் பணமோ தரல் வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. மனங் கொதித்த மக்கள் 1848 யூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டினர். யூலை 28இல் அவர்கள் தெற்கே மாத்தளை மீது சென்று, கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தனர். யூலை 29இல் கண்டிப் பகுதியிலும் 31இல் குருநாகலிலும் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆகஸ்டு 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 26இல் குடாப்பொல தேரர் துறவாடையுடனேயே சுடப்பட்டார். தலைக்கு 150 பவுண் விலை கூறப்பட்ட கொங்காலேகொட பண்டா செப்டெம்பர் 21இல் எல்கடுவைக் குகையொன்றில் மலாய்ப் படைவீரராற் பிடிபட்டார்.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. கிளர்ச்சியாளர் முதலில் அழித்தது ஏட்டை. வரியின் வேர் ஏட்டிலே உள்ளது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். எனினும் அவர்கள் பெயரை இன்றுவரை காத்து நிற்பதும் அவர்களைத் தண்டித்த அரசின் ஏடே.

அவ்வேடுகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, இராணுவ மன்றுகளின் நடவடிக்கைகள். இவை விரைந்து நடந்த விசாரணைகள். அங்குச் சான்றும் குறுகியது, தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட காலமும் குறுகியது. இரண்டாவது, உயர் நீதிமன்றத்தின் வழக்கேடு. பிரதம நீதியரசர் சேர் அந்தோனி ஒலிபந்து தலைமை தாங்கிய அந்நீதிமன்றம் 1848 நவம்பர் 27இல் கண்டியிற் கூடி, கொங்காலேகொட பண்டாவை இராசத்துரோகக் குற்றத்துக்காக விசாரித்தது. 1849 சனவரி 1இல் தூக்கிலிடுக என்பது தீர்ப்பு. பின்னர் அது நூறு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடு கடத்தலாகவும் மாற்றப்பட்டது. 1849 டிசம்பர் 1இல் அவர் மலாக்காவில் மரித்தார். ஒரே கிளர்ச்சியில் ஈடுபட்டோருள் முன்னர்ப் பிடிபட்டவர் இராணுவ மன்றின்முன் நின்று உயிரிழந்தார். பின்னர்ப் பிடிபட்டவர் நீதிமன்றத்தின்முன் நின்று உயிர் பிழைத்தார். எந்த மன்று, எந்த நாள் என்பனவே உயிரையும் சாவையும் வகுத்தன என்பதை இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்து நோக்குவார் தெளிவர்.

மூன்றாவது, இலண்டனில் எழுந்த ஏடுகள். கிளர்ச்சி ஓய்ந்த பின்னரும் இராணுவச் சட்டம் நீடித்தமையும், துறவியைச் சுட்டமையும் பிரித்தானியப் பாராளுமன்றத்திற் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. யோசப்பு இயூம் முதலியோர் விடாது வினவ, பொதுமக்கள் சபை 1849இல் தெரிவுக்குழு ஒன்றை நியமித்தது. மாத்தளையிற் படைத்தலைமை வகித்த கப்டன் வாற்சன் வெளியிட்டன எனக் கூறப்பட்ட சிங்கள விளம்பரங்களில் உள்ள கையொப்பம் அவருடையதுதானா என்பது பற்றியும் நீண்ட வழக்காடல் நிகழ்ந்தது. முடிவில், 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். ஆள்வோர் தம்முட் பிணங்கியமையாலன்றோ, மறைவாய்க் கிடந்திருக்கவேண்டிய சாட்சியங்கள் அச்சேறி உலகறிந்தன!

இவ்வேடுகளைப் பயில்வோர் எச்சரிக்கையோடு பயிலல் வேண்டும். சாட்சி சிங்களத்திற் கூறியதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திற் சொல்ல, எழுத்தர் தமக்கு விளங்கியவாறு எழுதினர். இடைப்பட்ட இரண்டு கைகளில் எத்துணைப் பொருள் உதிர்ந்ததோ! மேலும், அச்சத்தாற் சொன்னதும், பகைமையாற் சொன்னதும், பரிசுப் பணத்தை விரும்பிச் சொன்னதும் உண்மையோடு ஒரே பக்கத்தில் ஒரே மையால் எழுதப்பட்டுள்ளன. வழக்கேடு உண்மையைச் சொல்லும் நூலன்று; இன்னார் இன்ன நாளில் இன்னவாறு சொன்னார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் நூல். இவ்வேறுபாட்டை மறந்தவன் அரசாங்கத்தின் குற்றப்பத்திரத்தையே வரலாறாக எழுதிவிடுவான்.

நாவுலத் தெரு தமிழராகிய நமக்கு இன்னொரு வகையிலும் உரியது. கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் வந்திறங்கியோர், காட்டுவழியே தம்புள்ளை கடந்து, நாவுல, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். வீழ்ந்தவர்க்கு ஏடு இல்லை. ஆனால் தோட்டத்தை அடைந்து, பொறுக்கலாற்றாது நீங்கியவர்க்கு ஏடு உண்டு. ஏனெனில் 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குதலைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனைக்கு உரியதாக்கின. ஒப்பந்த மீறல் பிறர்க்கு உரிமை வழக்கு. தோட்டத் தொழிலாளிக்கோ அது சிறை வழக்கு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இக்கொடுமையை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் சிறைத்தண்டனையும் துண்டு முறையும் ஒழிந்தன.

கங்காணியின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்ட இராமசாமியும் மீனாட்சியும் அவ்வழக்கேடுகளில் ‘ஓடிப்போனவர்’ என்ற ஒரு சொல்லோடு நிற்கின்றனர். அவர் ஏன் ஓடினார் என்பதை நாம் கேட்டறிதல் வேண்டும். சம்பளப் பாக்கியும் கடனும் நோயும் வரிகளுக்கிடையே மறைந்திருக்கும். ஒருவர் பெயரே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருக்குமாதலின், தேடுவோர் ஓசையைக் கொண்டு தேடுதல் நலம்.

இனி, இத்தகைய ஏடுகளை எங்கே தேடுவது? பழைய கச்சேரிக் கடிதங்களும் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்படுகின்றன. தேசாதிபதிகள் இலண்டனுக்கு எழுதிய கடிதங்கள் அங்குள்ள கியூ சுவடிக்கூடத்தில் சீ.ஓ. 54 என்னும் தொகுதியில் உள்ளன. அண்மைக்கால வழக்காயின், ஊர்ப் பெயரைவிட எந்த நீதிமன்றத்தின் நியாயாதிக்க எல்லைக்குள் அவ்வூர் அன்று இருந்தது என்பதையே முதலில் அறிதல் வேண்டும். வழக்கிலக்கமும் ஆண்டும் தெரிந்தாற் பதிவாளர் அலுவலகத்திற் பாதிவேலை முடிந்ததாகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, முறைப்பாட்டைப் பொலிசார் தகவற் புத்தகத்தில் எழுதுதலையும், பிடியாணையின்றிக் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துள் நீதவான்முன் கொணர்தலையும் கட்டாயமாக்குகின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் பகிரங்க அதிகாரசபைகளாகவே கொள்கின்றது. எனினும் தனியொருவரின் அந்தரங்கத்தை அது காக்கவும் செய்கின்றது. இறந்துபோன நூற்றாண்டின் கைதியை ஆராய்தல் வரலாறு. உயிரோடிருக்கும் அயலானின் பழைய வழக்கைத் துருவுதல் வம்பு. இரண்டையும் பிரித்தறிதல் கற்றோர்க்குக் கடன்.

ஏடு இருத்தலின் அருமை, ஏடு இல்லாதவிடத்தே விளங்கும். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதவானின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 150க்கு மேற்பட்டோரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அவை 1980களின் இறுதியிற் காணாமற்போனோருடையனவா, அதற்கு மிக முந்தியனவா என்பதில் நிபுணர் அறிக்கைகள் முரண்பட்டன. பெயரும் நாளும் எழுதப்படாத இடத்தில் எலும்பையே சாட்சிக்கு அழைக்கவேண்டியதாயிற்று. எலும்போ தன் பெயரைச் சொல்லவில்லை. 1848இற் சுடப்பட்டவர்க்குக் கொடிய மன்றேயாயினும் ஒரு மன்றும் ஓர் ஏடும் இருந்தன. ஆதலின் அவர்க்கு இழைத்த அநீதியை ஈராண்டுள் உலகு கேட்டது. தடுத்து வைக்கப்படுவோர் விவரங்களைப் பதிவேட்டில் எழுதுக என்று 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வற்புறுத்துதற்குக் காரணமும் இதுவே.

ஆகவே, கைதுப் பதிவேடு ஆள்வோரின் கருவி மட்டுமன்று, ஆளப்படுவோரின் அரணுமாம். ‘இவன் என் கையில் இருந்தான்’ என்று அதிகாரம் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் ஒப்புக்கொள்கை அது. நம் மாணவர் தத்தம் ஊரின் பழைய வழக்கேடு ஒன்றையேனும் பொறுமையோடு படித்து, அதில் ஒரு வரியாய் ஒடுங்கிக் கிடக்கும் மனிதனை மீட்டெடுப்பாராயின், அது ஊருக்கும் கல்விக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.