உச்சப்படம், மலையாளப் படம்: எல்லையின் இருபுறமும் இரண்டு பெயர்கள்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை ஒட்டிய எல்லையோரத்தில் இருக்கிறது குன்னத்துகால். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே குன்னத்துகாலில் ‘மலையாளப் படம்’ என்பது மாநில மொழியில் எடுக்கப்பட்ட ஒரு படம், அவ்வளவே. களியக்காவிளையைக் கடந்து திருநெல்வேலி, மதுரை என்று போகப் போக, 1980களிலும் 1990களிலும் அதே தொடரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கேரளத்தில் அவ்வகைப் படங்களுக்கு வழங்கிய பெயர் வேறு. ‘நூன் ஷோ படம்’ அல்லது ‘உச்சப்படம்’ என்றார்கள். மலையாள ‘உச்ச’ தமிழின் ‘உச்சிவேளை’யோடு உறவுடைய சொல். குடும்பங்கள் வராத நண்பகல் காட்சிக்கு உரிய படம் என்பதே பொருள். அங்கே காட்சி நேரம் பெயரானது. இங்கே ஒரு மொழியே பெயரானது. வேண்டாததற்கு அயலான் பெயரைச் சூட்டுவது எல்லா மொழிகளும் அறிந்த வழக்கம்தான். ஆனால் இந்தப் பெயரைச் சூட்டிய தமிழகத்துக்கு அப்படங்களின் ஆக்கத்தில் இருந்த பங்கைப் பார்த்தால், ‘அயல்’ என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது.

1978இல் ஐ. வி. சசியின் ‘அவளுடெ ராவுகள்’ வெளிவந்தது. ஆலப்பி ஷெரீப் எழுதிய அக்கதை, பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பரிவோடு அணுகுவது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற அப்படத்தில் முதன்மை வேடம் ஏற்ற சீமா, சென்னையில் பிறந்து தமிழ்ப் படங்களில் குழு நடனமாடி வந்தவர். கேரளத்துக்கு வெளியே கதையைவிடச் சுவரொட்டியே வேகமாகப் பயணம் செய்தது. இந்தியில் ‘ஹெர் நைட்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரோடு அது ஓடியபோது, மலையாளம் என்ற முத்திரை ஏறக்குறைய விழுந்துவிட்டது.

தொழில் என்ற நிலையில் திருப்பம் 1988இல் வந்த ‘ஆதிபாபம்’. இயக்கமும் ஒளிப்பதிவும் பி. சந்திரகுமார், நடிப்பு அபிலாஷா, விமல் ராஜா. கதை பழைய ஏற்பாட்டின் ஆதாம், ஏவாள். ஏழரை லட்சம் ரூபாய் செலவில் எடுக்கப்பட்டு இரண்டரைக் கோடி ஈட்டியது என்று திரைவணிகக் கணக்குகள் கூறுகின்றன. ஏதேன் தோட்டத்துக்கு அரங்கமும் வேண்டாம், ஆடையும் வேண்டாம் என்பதை வேடிக்கையாக மட்டும் கொள்ளக்கூடாது. சிக்கனத்தின் முறையே அதுதான். அதைவிட முக்கியம், வேதக்கதை ஒரு கேடயமாகவும் நின்றது. இதே காரியத்தைப் பிரித்தானியாவில் நகைச்சுவை செய்தது. வால் கெஸ்ட் இயக்கிய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்’ (1974), மேரி மில்லிங்டன் நடித்த ‘கம் ப்ளே வித் மீ’ (1977) போன்ற குறைந்த செலவுப் படங்கள், சிரிப்பை முன்னே நிறுத்திச் சதையை விற்றன. பின்னது லண்டன் சோஹோவின் ஒரே அரங்கில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஓடியது.

‘ஆதிபாபம்’ படத்தின் தயாரிப்பாளர் ஆர். பி. சௌத்ரி. இரண்டே ஆண்டுகளில், 1990இல், விக்ரமனை அறிமுகப்படுத்தி ‘புது வசந்தம்’ எடுத்தவரும் அவரே. நான்கு இளைஞர்களும் ஒரு பெண்ணும் காதலின்றி நட்போடு ஒரே கூரையின் கீழ் வாழும் அப்படத்தைத் தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தன. முந்தையது மலையாளப் படம், பிந்தையது தமிழ்ப் படம் என்று நினைவு இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்துவிட்டது.

இப்படங்களின் வரலாற்றை எழுதுவோருக்கு ஒரு சான்றுச் சிக்கல் உண்டு. தணிக்கைக் குழு பார்த்த படமும் பார்வையாளர் பார்த்த படமும் பல வேளைகளில் ஒன்றல்ல. சான்றிதழ் பெற்ற பிறகு, படத்தோடு தொடர்பற்ற துணுக்குகள் சுருளில் ஒட்டப்பட்டன. கேரளத்தில் ‘துண்டு’, தமிழகத்தில் ‘பிட்டு’. அவை ஊருக்கு ஊர், அரங்குக்கு அரங்கு மாறின. முறையாகப் பதிவான பிரதியில் அவை இல்லை. ஆனால் சீட்டு விற்றது அவற்றுக்காகவே. தான் நடிக்காத காட்சிக்கும் நடிகையே முகமானார்.

அப்படி முகமானவர்களில் பலர் மலையாளிகள் அல்லர். ‘லயனம்’ (1989) படத்தில் நடித்த சில்க் ஸ்மிதா ஆந்திரத்தில் பிறந்தவர். தமிழின் ‘வண்டிச்சக்கரம்’ (1980) தந்த வேடப்பெயரோடு வாழ்ந்து, 1996 செப்டம்பரில் சென்னையில் இறந்தவர். ஆர். ஜே. பிரசாத்தின் ‘கின்னாரத்தும்பிகள்’ (2000) வழியே ஓர் அலையையே எழுப்பிய ஷகிலா சென்னையில் பிறந்தவர். சில லட்சங்களில் எடுக்கப்பட்ட அவருடைய படங்கள் பெரிய நட்சத்திரங்களின் படங்களோடு போட்டியிட்டபோது, மலையாளத் திரையுலகம் அதைத் தன் சீரழிவாகக் கண்டு கூசியது. குறுந்தட்டும் இணையமும் வந்தபின் அலை அடங்கியது.

அதன்பின் சொல்லின் பொருள் மீண்டும் திரும்பியது. 2015இல் ‘பிரேமம்’ மொழிமாற்றம் இன்றியே சென்னையில் இருநூறு நாட்களுக்கு மேல் ஓடியது. 2024இல் கொடைக்கானல் குணா குகையில் நடக்கும் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தமிழகமெங்கும் கொண்டாடப்பட்டது. இன்றைய மாணவர் ஒருவர் ‘மலையாளப் படம் பார்த்தேன்’ என்று சொன்னால் அது ரசனைக்கான சான்றிதழ். மொழிமீது படிந்திருந்த கறை கழுவப்பட்டது. ‘ஷகிலா படம்’ என்ற தொடரோ தமிழில் அப்படியே நிற்கிறது. ஒரு மொழிக்கு இருபதாண்டுகளில் கிடைத்த விடுதலை, அம்மொழியைத் தாய்மொழியாகக்கூடக் கொண்டிராத ஒரு சென்னைப் பெண்ணின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

2020 இறுதியில் விஜய் தொலைக்காட்சியின் ‘குக்கு வித் கோமாளி’ இரண்டாம் பருவத்தில் ஷகிலா சமைக்க வந்தார். உடன் இருந்த இளைஞர்கள் அவரை ‘அம்மா’ என்று அழைத்தார்கள். ஒரு காலத்தில் அவர் பெயரைக் குரல் தாழ்த்திச் சொன்ன வீடுகளின் கூடத்தில், குடும்பத்தோடு அமர்ந்து அது பார்க்கப்பட்டது.