நூலகவியல் முதுநிலை மாணவரின் பணித்தொகுப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நூலகவியல் மாணவர் தம் பயிற்சிக்காலப் பணிகளைத் திரட்டித் தகுதிக்குச் சான்றாக அளிக்கும் பணித்தொகுப்பு, மின்னணுக் காலத்தின் புதுமையாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளது என்பதையும், அதன் பயன் வாசகரிடமிருந்து தேர்வாளரிடம் நகர்ந்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நூலகவியல் கல்வி, பணித்தொகுப்பு, நூலடைவு, மெல்வில் டூயி, இரங்கநாதன்.

ஆல்பனியின் நூலடைவுகள்

1887 சனவரியில் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டூயி நூலகப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பின் 20 மாணவரில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்ப்பதைக் கல்லூரி ஆட்சிக்குழு விரும்பவில்லை. 1889இல் பள்ளி ஆல்பனியிலிருந்த நியூயார்க் மாநில நூலகத்துக்குப் பெயர்ந்தது. கட்டாயத்தால் நேர்ந்த இடப்பெயர்வு எனினும் அதன் விளைவு நன்றாகவே அமைந்தது. இயங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய நூலகமே வகுப்பறையாயிற்று. மாணவர்கள் நூலகத்துக்கென வகுக்கப்பட்ட சீரான கையெழுத்தில் பட்டியல் அட்டைகளை எழுதிப் பழகினர். பட்டம் பெறுவதற்குத் தாமே தேர்ந்த பொருளில் ஒரு நூலடைவும் தொகுத்தளிக்க வேண்டியிருந்தது. அவற்றுட் சில மாநில நூலகத்தின் வெளியீட்டு வரிசையில் அச்சேறின. மாணவரின் தகுதிச் சான்று, முன்பின் அறியாத வாசகர் ஒருவரின் கைக்கருவியாகவும் ஆயிற்று. இன்றைய பணித்தொகுப்பின் மூதாதை என இந்நூலடைவையே கருதலாம்.

இப்பயிற்சிக்குக் குறையும் உண்டு. கார்னெகி நிறுவனத்துக்காகச் சார்லசு வில்லியம்சன் அளித்து 1923இல் வெளியான அறிக்கை, எழுத்தர் பணியையும் தொழில்முறைப் பணியையும் பள்ளிகள் குழப்பிக்கொள்வதைச் சுட்டி, நூலகக் கல்வி பல்கலைக்கழகத்தில் அமைய வேண்டும் என்றது. அக்கண்டனம் நியாயமானதே. எனினும் கல்வி பல்கலைக்கழக முறைக்குள் வந்தபோது தேர்வுத்தாளும் உடன் வந்தது.

சென்னை மரபு

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். இரங்கநாதன், அவ்வாண்டே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிலச் சென்றார். பெர்விக் சேயர்சு அவருடைய ஆசிரியர். அங்கே கருக்கொண்ட பகுப்பு முறையைத் தாயகம் திரும்பும் கப்பலின் நூலகத்திலேயே அவர் சோதித்துப் பார்த்ததாகக் கூறுவர். 1925இல் திரும்பியதும் அம்முறையைச் சென்னைப் பல்கலைக்கழக நூல்களுக்குப் பயன்படுத்தி வளர்த்தார். 1933இல் அது கோலன் பகுப்பு முறையாக நூலுருப் பெற்றது. பணித்தொகுப்பு என்ற சொல் வழக்கிலில்லாத காலத்தில், ஒரு மாணவரின் பயிற்சி பல்லாயிரம் நூல்களின் இருப்பிடத்தையே வகுத்தமைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

சென்னை நூலகச் சங்கம் 1929இல் தொடங்கிய கோடைகாலப் பயிற்சியைப் பல்கலைக்கழகம் 1931இல் ஏற்றது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. ஆனால் பிற்காலச் செய்முறைத் தேர்வு வேறு திசையிற் சென்றது. நூலின் முகப்புப் பக்க விவரங்கள் வினாத்தாளில் தரப்படுகின்றன; நூலைக் கையில் எடுக்காமலே அதற்குப் பகுப்பெண்ணும் பட்டியற் பதிவும் எழுதலாம்! செய்முறைப் பதிவேடு தேர்வாளரின் கையொப்பத்தோடு தன் பயனை முடித்துக்கொள்கிறது. எந்த வாசகரும் அதைப் பிரிப்பதில்லை.

மின்பணித்தொகுப்பு

அமெரிக்காவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுநிலை மாணவர், ஆய்வேட்டுக்கு மாற்றாக மின்பணித்தொகுப்பைத் தேர்ந்துகொள்ளலாம். துறை வகுத்துள்ள ஒவ்வொரு திறனையும் தம் சொற்களில் விளக்கி, தாம் செய்த பணிகளைச் சான்றாக இணைக்க வேண்டும். ‘ஏன் இவ்வாறு செய்தேன்’ என்று மாணவரைச் சிந்திக்கவைப்பது இம்முறையின் வலிமை. நம் பதிவேடுகளில் அக்கேள்விக்கு இடமே இல்லை. ஆயினும் இங்கும் படிப்பவர் மதிப்பீட்டாளரே. அடுத்தபடியாக, வேலை தருபவர்.

தமிழகத் துறைகள் இவ்வடிவத்தை மேற்கொள்ளும்போது ஆல்பனியின் கூறு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். சான்றாக, சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’ போன்ற ஓர் இதழுக்கு ஆசிரியரடைவும் பொருளடைவும் தொகுப்பது ஒரு பருவத்துக்கு ஏற்ற பணி. மாணவர் இதழை ஏடு ஏடாகப் புரட்டியாக வேண்டும்; புனைபெயர்களுக்கு மாட்டேற்று அமைக்க வேண்டும்; கவிதை எது, விமர்சனம் எது என முடிவெடுத்து அம்முடிவுக்குக் காரணமும் எழுத வேண்டும். பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் அது. இவ்வடைவு மாணவரின் சொந்தக் கணக்கில் மட்டும் இருந்தால் அவர் துறையை விட்டு நீங்கும்போது அதுவும் நீங்கிவிடும். தொகுத்தவர் பெயருடன் பல்கலைக்கழக எண்ணிமக் களஞ்சியத்தில் ஏற்றி, நூலகப் பட்டியலில் அதற்கும் ஒரு பதிவு எழுதுவது துறையின் கடமை.