திரைக்குள் புகுந்த கண்

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் – 14

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக்கொள்ளும் சிறு கம்ப்யூட்டர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கடைத்தெருவுக்கு வந்து, நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் இடம் பிடித்த வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த யந்திரங்களில் ஓடிய விளையாட்டுகளுள் பெரும்பாலானவை ஆடுகிறவனைத் திரைக்கு வெளியே நிறுத்தியவை. மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ ஒரு பொம்மையைப் பார்த்து, அதை இடமும் வலமுமாக நகர்த்தி, எதிர்ப்படுவதைச் சுட்டு வீழ்த்துவதே அவற்றின் முறை. அதே ஆண்டுகளில் மிகச் சிலர், அந்தப் பொம்மையை அறவே அகற்றிவிட்டு ஆடுகிறவனுடைய கண்ணையே திரைக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்ற விபரீத ஆசையோடு முனைந்து உழைத்தார்கள். இன்று உலகமெங்கும் ஆடப்படுகிற முதல் நபர் சுடும் விளையாட்டுக்கு 1992இல் வந்த 'உல்ஃபென்ஸ்டைன் 3டி'யையும் மறு ஆண்டில் வந்த 'டூம்' என்பதையும் மூலபுருஷர்களாகச் சொல்லுவது வழக்கமாகிவிட்டது. அவற்றின் பெருமை உண்மையானதே. ஆயினும் அந்த வம்சத்தின் பூர்வகதையில் பெரும்பகுதி, அதற்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே, எட்டு பிட் யந்திரங்களின் மிகக் குறுகிய நினைவகத்துக்குள் எழுதப்பட்டுவிட்டது என்பதை இந்த வாரம் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அவர்கள் எதிர்கொண்ட சிரமம் இன்னதென்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தூரத்திலுள்ளது சிறிதாகவும் சமீபத்திலுள்ளது பெரிதாகவும் தோன்றும்படி ஒரு காட்சியை வரைவதற்கு, ஒவ்வொரு புள்ளியின் ஸ்தானத்தையும் அதன் தூரத்தால் வகுத்தாக வேண்டும். பார்வை திரும்பும்போதெல்லாம் பெருக்கியாக வேண்டும். இவ்வளவையும் ஒரு வினாடிக்குள் பல முறை செய்து முடித்தாக வேண்டும். ஆனால் அக்காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை இயக்கிய 6502, இசட்80 என்ற இரண்டு பிராசசர்களுக்கும் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். பெருக்குவதற்கோ வகுப்பதற்கோ ஒரு கட்டளைகூட அவற்றில் கிடையாது. ஒரே மூச்சில் அவை கையாளக்கூடிய எண்ணோ 0 முதல் 255 வரைதான்.

இந்தக் குறையைக் கடக்க ப்ரோகிராமர்கள் கையாண்ட உபாயங்களுள் ஒன்று, பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராவிலிருந்தே பிறந்தது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, அதிலிருந்து அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழித்து, வந்ததை நான்கால் வகுத்தால், அவ்விரண்டு எண்களின் பெருக்கற்பலன் கிடைத்துவிடும். ஏழையும் ஐந்தையும் எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 12, அதன் வர்க்கம் 144. கழித்தால் 2, அதன் வர்க்கம் 4. 144இலிருந்து 4 போக 140. நான்கில் ஒன்று 35. ஆகவே, நான்கால் வகுத்த வர்க்கங்களின் வாய்பாட்டை மட்டும் முன்கூட்டியே நினைவகத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பெருக்கத் தெரியாத யந்திரமும் இரண்டு முறை வாய்பாட்டைப் பார்த்து ஒரு முறை கழித்துப் பெருக்கலை முடித்துவிடும். இப்படிப்பட்ட யுக்திகளின் மீதுதான் அந்தக் காலத்துத் திரைவெளி முழுவதும் எழுப்பப்பட்டது.

காசு போட்டு ஆடும் கூடங்களில் 1980இல் அட்டாரி கம்பெனி 'பேட்டில்ஸோன்' என்ற டாங்கிச் சண்டையை வைத்தபோது, அந்தப் பெட்டிக்குள் கணக்குப் போடுவதற்கென்றே ஒரு தனி மின்சுற்றை அமைத்திருந்தார்கள். ஆடுகிறவன் ஒரு பெரிஸ்கோப்பில் முகம் பதித்து, பச்சைக் கோடுகளாலான மலைகளுக்கு நடுவே பகைவனைத் தேடினான். வீட்டு யந்திரத்துக்கு அத்தகைய உதவி எதுவும் இல்லை. இருந்தும் ஏறத்தாழ அதே சமயத்தில், அட்டாரி 400, 800 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக, டக் நியூபவர் என்பவர் 'ஸ்டார் ரெய்டர்ஸ்' என்ற விளையாட்டை எட்டே கிலோபைட் கொண்ட கார்ட்ரிட்ஜில் அடக்கிக் காட்டினார். அவர் அடிப்படையில் மின்னணுச் சில்லுகளை வடிவமைக்கும் பொறியாளர்; அந்தக் கம்ப்யூட்டரின் ஒலியைப் பிறப்பிக்கும் 'போக்கி' என்ற சில்லு அவருடைய கைவண்ணமே. யந்திரத்தின் சக்தியும் அசக்தியும் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்! விண்கலத்தின் முன்கண்ணாடி வழியே நட்சத்திரங்கள் மையத்திலிருந்து விரிந்து நம்மை நோக்கி வந்து கடந்துபோகும். ஒரு பட்டனைத் தட்டினால் பின்புறக் காட்சி வரும், அங்கே அதே நட்சத்திரங்கள் குவிந்து மறையும். சுடப்பட்ட பகைக்கலம் சிதறும்போது அதன் துகள்கள் வெளியில் மிதக்க, அவற்றினூடே நாம் பறந்து செல்வோம். சுடுவது பழைய காரியம்தான். சுட்டதன் நடுவே நாமே புகுந்து வெளிவருகிறோம் என்ற அனுபவமோ அதுவரை வீட்டுத் திரை கண்டிராதது.

அட்டாரி வாங்க வசதியுள்ளவர்களின் கதை இது. இங்கிலாந்தில் 1981 மார்ச்சில் சின்க்ளேர் ரிசர்ச் வெளியிட்ட இசட்எக்ஸ்81, கட்டிமுடித்த நிலையில் 69.95 பவுன், உதிரி பாகங்களாக வாங்கினால் 49.95 பவுன் என்ற விலையில் எளியவர் வீட்டையும் எட்டியது. அதற்கு வர்ணம் இல்லை, ஒலி இல்லை, நினைவகம் ஒரே கிலோபைட், வேண்டுமானால் 16 கிலோபைட் கொண்ட பெட்டி ஒன்றைப் பின்னால் செருகிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் விடப் பெரிய நிர்ப்பந்தம் ஒன்று உண்டு. திரையில் படத்தை வரையும் வேலையையும் அந்த ஒரே பிராசசரே பார்த்தாக வேண்டியிருந்ததால், அதன் நேரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதற்கே செலவாகி, எஞ்சிய கால் பங்கில்தான் விளையாட்டின் கணக்கெல்லாம் நடந்தேற வேண்டும்.

செயற்கைக்கோள் தொழில்நுட்பத்தில் அனுபவம் பெற்ற மால்கம் எவன்ஸ் என்ற பொறியாளர் இந்த யந்திரத்தை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டின் இறுதிக்குள் '3டி மான்ஸ்டர் மேஸ்' என்ற விளையாட்டை எழுதி முடித்தார். வழி பிரிந்து பிரிந்து செல்லும் ஒரு சுற்றுச்சுவர்க் கோட்டம், ஒவ்வொரு முறையும் புதிதாக அமைவது, அதற்குள் ரெக்ஸ் என்ற பெயருடைய டைனோசார் ஒன்று, நடுவே நாம். சுவர்களைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் கட்டங்களால் வரைந்தார். ஒலியில்லாத யந்திரத்தில் அந்த மிருகத்தின் காலடி ஓசையை எப்படிக் கேட்கச் செய்வது? திரையின் அடியில் ஒற்றை வரி எழுத்து தோன்றும். ரெக்ஸ் பதுங்கியிருக்கிறது என்று முதலில் சொல்லும். பிறகு, அது உன்னைத் தேடுகிறது என்று சொல்லும். காலடிகள் நெருங்குகின்றன என்று சொல்லும். கடைசியில், அது உன்னைக் கண்டுவிட்டது, உனக்குப் பின்னால் நிற்கிறது, ஓடு என்று சொல்லும். கண்முன்னே வெறுஞ்சுவர் மட்டுமே தெரிய, பின்னால் நிற்பதைத் திரும்பிப் பார்க்கத் துணியாமல் ஆடுகிறவன் ஓடுவான். துணிந்து திரும்பினாலோ, நடையின் கோடியில் சிறு கறையாகத் தெரிந்த உருவம் எட்டுக்கு எட்டு வளர்ந்து, பற்கள் நிறைந்த வாயாகத் திரையை அடைத்துவிடும். இந்த விளையாட்டில் துப்பாக்கி என்பதே இல்லை. அப்படியிருந்தும் முதல் நபர் விளையாட்டின் உயிர்நாடியான பயம், வீட்டுக் கம்ப்யூட்டரில் பூரணமாக வெளிப்பட்டது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

இதே போன்ற கோட்டத்தில் ஆடுகிறவன் கையில் துப்பாக்கியையும் கொடுத்து, டான்டி நிறுவனத்தின் கலர் கம்ப்யூட்டருக்காக 1982இல் கென் கலிஷ் 'ஃபாண்டம் ஸ்லேயர்' என்ற விளையாட்டை எழுதினார். கண்ணைச் சற்றே பின்னுக்கு இழுத்து, ஆடுகிறவன் தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கும்படி செய்த மூன்றாம் நபர் முறைக்கு 1983இல் வெளிவந்த 'ஆன்ட் அட்டாக்' உத்தமமான உதாரணம். சிற்பம் பயின்ற சாண்டி ஒயிட் அதை இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டருக்காகச் செய்தார். எஷர் என்ற ஓவியரை நினைவுகூரும் வண்ணம் ஆன்டெஷர் என்று பெயரிடப்பட்ட மதில் சூழ்ந்த நகரம். அதில் ராட்சத எறும்புகள். எங்கோ சிறைப்பட்டிருக்கும் ஒரு ஜீவன். மீட்கப் போவது ஆணா பெண்ணா என்பதைத் தொடக்கத்திலேயே ஆடுகிறவர் தேர்ந்துகொள்ளலாம் என்பது அந்நாளில் அபூர்வமான பெருந்தன்மை. வெடிகுண்டை எறிந்து எறும்புகளை விரட்டலாம். ஆனால் ஆட்டத்தின் நோக்கம், கையைப் பிடித்து அழைத்து வருவதைப் போல ஓர் உயிரை வாயில் வரை கொண்டுவந்து சேர்ப்பதுதான்.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் ப்ரேபன், இயன் பெல் என்ற இருவர் 1984 செப்டம்பரில் வெளிவரச் செய்த 'எலைட்' பற்றித் தனியே ஒரு நூலே எழுதலாம். நம் நாட்டில் அதே காலத்தில் 'கிளாஸ்' திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோதான் அதன் பிறப்பிடம். 32 கிலோபைட் நினைவகத்தில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள்! அவற்றின் பெயரையும் சந்தை விலையையும் எங்கும் எழுதி வைக்காமல், சில வித்து எண்களிலிருந்து வேண்டும்போதெல்லாம் யந்திரமே கணித்துக்கொள்ளும்படி செய்தார்கள். லேசர் பீரங்கியும் கடற்கொள்ளைக்காரர் போன்ற வான்கொள்ளைக்காரரும் அதில் உண்டு. இருப்பினும் அதை ஆடியவர்களைக் கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று: சுழன்றுகொண்டிருக்கும் விண்நிலையத்தின் குறுகிய வாயிலுக்குள், தன் கலத்தையும் அதே கதியில் சுழற்றி, சுவரில் மோதாமல் நுழைந்த அந்தத் தருணம்.

இனி, இந்த வரிசையின் சிகரமாக நான் மதிக்கும் 'ரெஸ்க்யூ ஆன் ஃப்ராக்டலஸ்' என்பதற்கு வருவோம். ஜார்ஜ் லூகாஸின் திரைப்பட நிறுவனத்தில் புதிதாக ஏற்பட்ட விளையாட்டுப் பிரிவில் டேவிட் ஃபாக்ஸ் தலைமையில் உருவாகி, 1985இல் எப்பிக்ஸ் நிறுவனத்தின் மூலம் கடைக்கு வந்தது அது. 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் படத்துக்காகப் பெரிய கம்ப்யூட்டர்களில் ஃப்ராக்டல் கணிதத்தைக் கொண்டு மலைத்தொடர்களைச் சிருஷ்டித்த லோரன் கார்ப்பென்டர், அதே வித்தையை அட்டாரியின் சிறிய பிராசசருக்குள் இறக்கிக் கொடுத்தார். ஃபாக்ஸ் மனச்சாட்சியின் காரணமாக முதலில் அதில் சுடுவதற்கு வழியே வைக்கவில்லை; சுடும் பட்டன் வேண்டும் என்று யோசனை கூறியவர் லூகாஸ்தான். ஆனால் அதே லூகாஸ் சொன்ன இன்னொரு யோசனைதான் அந்த விளையாட்டை அமரத்துவம் பெறச் செய்தது.

விழுந்துபோன விமானிகளை மீட்பது ஆடுகிறவனின் பணி. விஷக்காற்று வீசும் மலைகளுக்கிடையே கலத்தை இறக்கி, யந்திரங்களையெல்லாம் அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தூரத்தில் சிறு உருவம் ஒன்று ஓடி வருவது தெரியும். பிறகு பார்வையிலிருந்து மறையும். சற்றைக்கெல்லாம் கதவைத் தட்டும் ஓசை கேட்கும். திறக்கத் தாமதித்தால் வெளியே நிற்பவன் மூச்சுத் திணறிச் சாவான், தட்டும் ஓசையும் தேய்ந்து ஓயும். ஆரம்ப கட்டங்களில் இவ்வளவுதான். ஆட்டம் முதிர முதிர, ஓடி வருகிறவர்களுள் சிலர் விமானிகளாக இருப்பதில்லை. தட்டலுக்குப் பதிலாகப் பச்சை முகம் ஒன்று முன்கண்ணாடியில் திடுமென்று எழும்பி, இரு கைகளாலும் அதை மோதி உடைக்க முயலும். ஒருமுறை இதைக் கண்டவன் அதற்குப் பிறகு எந்த விமானியையும் நிச்சிந்தையாக வரவேற்க மாட்டான்.

சற்றே நிதானித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இந்த விளையாட்டுகளின் உச்சக்கட்டம் எதுவுமே துப்பாக்கி முழங்கும் கணத்தில் நிகழவில்லை. ரெக்ஸின் முன்னால் ஆயுதமே இல்லை. ஆன்டெஷரில் துணை ஒன்றை அழைத்து வருகிறோம். விண்நிலைய வாயிலில் லேசருக்கு வேலை இல்லை. ஃப்ராக்டலஸில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நிராயுதபாணியாய் உட்கார்ந்திருக்கிறோம். சுடும் விளையாட்டின் சரித்திரத்தை ஆயுதங்களின் சரித்திரமாக எழுதுகிறவர்கள் இதைக் காணத் தவறிவிடுகிறார்கள். பெருக்கத் தெரியாத யந்திரத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர்கள் சாதித்தது, ஆடுகிறவனுக்கு ஓர் இடத்தைக் கொடுத்ததுதான். தான் அங்கே இருக்கிறோம் என்ற பிரமை ஏற்பட்ட பிறகே, அங்கே தனக்கு ஆபத்து நேரும் என்ற அச்சமும், அதைத் தடுக்கக் கையில் ஓர் ஆயுதம் வேண்டும் என்ற ஆவலும் பொருள் பெறுகின்றன. பின்னாளில் வந்த பெரிய விளையாட்டுகளின் பீரங்கிகளெல்லாம் இவர்கள் போட்ட இந்த அஸ்திவாரத்தின் மேல் நின்றே முழங்கின.

கோடுகளால் ஆன இந்த உலகத்துக்குத் திண்மையான சுவர்களைக் கொடுக்க, 1987இல் இங்கிலாந்தின் இன்சென்டிவ் நிறுவனம் 'ஃப்ரீஸ்கேப்' என்ற முறையை வகுத்து 'ட்ரில்லர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வேகத்தைப் பலி கொடுத்து வெளியின் விஸ்தாரத்தை வாங்கிய அந்தத் துணிகரத்தை அடுத்த வாரம் காண்போம்.