கோப்ராவுக்குச் சொந்த என்ஜின் எது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மாதிரியைப் புதிதாகச் செய்து ஓட்டுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மிகப் பிடித்தமானது 1960களின் கோப்ரா. அந்த மாதிரிக்குள் ஃபோர்ட் வி8 என்ஜினைப் பொருத்தினால் பாராட்டு. செவ்ரோலெட் என்ஜினையோ மின்மோட்டாரையோ பொருத்தினால், "இதெல்லாம் ஒரு கோப்ராவா?" என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

வரலாறு என்ன சொல்கிறது?

கோப்ராவின் தாய், இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் 1953இல் காட்டிய 'ஏஸ்' என்ற சிறிய கார். அதற்குள் இருந்தது 1919இல் உருவான ஏசியின் பழைய என்ஜின். பிறகு பிரிஸ்டல் என்ஜினும் வந்தது. அதன் மூலம் போருக்கு முந்திய ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 328.

1961இல் பிரிஸ்டல் என்ஜின் நின்றுபோகும் நிலை. அப்போது அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, அமெரிக்க வி8 பொருத்த உங்கள் காரைத் தருவீர்களா என்று ஏசிக்கு எழுதினார். அவர் முதலில் என்ஜின் கேட்டது செவ்ரோலெட்டிடம். கோர்வெட் என்ற சொந்தக் காருக்குப் போட்டியை அவர்கள் விரும்பவில்லை, மறுத்துவிட்டார்கள். ஃபோர்ட் கொடுத்தது. 1962இல் என்ஜின் இல்லாமலே அமெரிக்கா போய்ச் சேர்ந்த காருக்குள் ஃபோர்ட் வி8 ஏறியது. அதுதான் முதல் கோப்ரா.

அதாவது, செவ்ரோலெட் தலையசைத்திருந்தால் இன்று ஃபோர்ட் என்ஜின்தான் 'அந்நியம்' ஆகியிருக்கும்!

பிரிட்டனில் பலர் தம் மாதிரிகளில் வைக்கும் ரோவர் வி8க்கும் இதே கதைதான். அது அமெரிக்காவின் பியூக் வடிவமைப்பு. 1965இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது.

விமர்சகர்களின் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாரமான என்ஜினை வைத்தால் காரின் சமநிலை கெடும்; பிரேக்கும் சஸ்பென்ஷனும் அதைத் தாங்க வேண்டும். அது பாதுகாப்புப் பற்றிய கேள்வி. மாதிரியை அசல் என்று சொல்லி விற்பது மோசடி. அதற்கு மார்க்கத்திலும் இடமில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லி ஒருவர் தன் கையால் பொருத்தியதை, 'தூய்மை'யின் பெயரால் இழிவாகப் பேசுவது வேறு விஷயம்.

அந்த முதல் கோப்ரா 2016இல் 1 கோடியே 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. வேறொருவரின் காருக்குள் வேறொருவரின் என்ஜின். அறுபது வருடம் போனால் கலப்பும் மரபாகிவிடுகிறது. கார்களில் மட்டுமா?

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.